வேலிடேட்டர்களை முதல் நாளே மொத்தமாக உள்ளே விடலாமா, கட்டம் கட்டமாகவா?

நளினி_ஆப்ஸ் கேட்கிறார்:

வணக்கம். ஏழு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தப்போகும் ஒரு தனியார் பிளாக்செயின் நெட்வொர்க்கை எங்கள் குழு அமைத்துக்கொண்டிருக்கிறது. பெசு கிளையன்ட் (ஒவ்வொரு நோட்டிலும், அதாவது நெட்வொர்க்கில் சேர்ந்த கணினியிலும், ஓடும் மென்பொருள்), க்யூ.பி.எஃப்.டி. முறை (வாக்களித்துப் பிளாக்கை ஒப்புக்கொள்ளும் முறை), நிறுவனத்துக்கு ஒரு வேலிடேட்டர் (பதிவுகளின் தொகுப்பான பிளாக்கைப் போட்டு, வாக்களித்து உறுதிசெய்யும் நோட்). கிடங்கு ரசீதுகள் அதில் பதிவாகும். ரசீது கைமாறினால் சரக்கின் உரிமையும் கைமாறும். அதனால் ஒரு பதிவு பிசகினாலும் யாரோ ஒருவருக்குப் பணம் போகும்.

முதல் நாளே ஏழு வேலிடேட்டரும் ஓட வேண்டும், ரசீது மாற்றமும் திறந்துவிட வேண்டும் என்கிறார் எங்கள் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எத்தீரியத்தில் வேலிடேட்டர்கள் நடத்தும் பீக்கன் செயினைக் கட்டம் கட்டமாகத்தானே கொண்டுவந்தார்கள் என்று கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "அது உலகம் முழுக்க ஓடுவது, நமக்கு இருப்பது ஏழே ஏழு நோட்" என்று முடித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் வேலிடேட்டர் நடத்தியவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். கட்டம் பிரித்ததால் உண்மையிலேயே ஏதாவது தப்பியதா? எதை முதலில் திறந்தார்கள், எதைக் கடைசியில்? ஏழு பேர் மட்டும் உள்ள இடத்தில் வேலிடேட்டர்களை எப்படிச் சேர்ப்பது?

---

வைகைச்சாரல் எழுதியது:

நளினி, உங்கள் மேலாளரிடம் மெடாலா கதையிலிருந்து ஆரம்பியுங்கள். நான் அதில் வேலிடேட்டராக இருந்தேன், பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பீக்கன் செயினுக்காக 2020 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கிய டெஸ்ட்நெட், அதாவது சோதனை நெட்வொர்க், அது. யார் வேண்டுமானாலும் சோதனை ஈதரை (ஈதர் எத்தீரியத்தின் நாணயம்) வைத்து வேலிடேட்டர் ஆகலாம். எங்களில் பெரும்பாலோர் ஓட்டியது பிரிஸம் கிளையன்ட். அது தன் கடிகாரத்தைச் சரிபார்க்க ஆறு வெளி நேர சர்வர்களைக் கேட்டுச் சராசரி எடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் 14 அன்று அந்த ஆறில் ஒன்று 24 மணி நேரம் முன்னதாக நேரம் காட்டியது. 24-ஐ ஆறால் வகுத்தால் நான்கு. பிரிஸம் நோட்கள் நான்கு மணி நேரம் எதிர்காலத்துக்குத் தாவிவிட்டன. இன்னும் வராத ஸ்லாட்டுகளுக்கு (பிளாக் போட ஒதுக்கிய நேரத் துண்டுகளுக்கு) வாக்குப் போட ஆரம்பித்தன. மற்ற கிளையன்ட்கள் அவற்றை ஏற்கவில்லை. கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பியதும், ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஸ்லாட்டுகளுக்கு மறுபடி கையெழுத்துப் போட்டவர்கள் ஸ்லாஷ் ஆனார்கள், அதாவது தண்டனையாக அவர்கள் வைத்த ஈதரில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. அவசரத்தில் வெளியிட்ட திருத்தப் பதிப்பிலும் கோளாறு, அதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பல நாள் ஃபைனாலிட்டி, அதாவது போட்ட பிளாக் இனி மாறாது என்ற உறுதி, இல்லை.

எத்தனை பேர் எவ்வளவு ஆராய்ந்த நெறிமுறை அது! கணக்கில் ஒரு பிழையும் இல்லை. விழுந்தது கடிகாரத்தில். இந்த மாதிரி விஷயம் வெள்ளைப்பலகையில் தெரியாது, அந்நிய மனிதர்களின் கணினிகளில் ஓடும்போதுதான் தெரியும். அது மெயின்நெட்டில், அதாவது உண்மைப் பணம் ஓடும் நெட்வொர்க்கில், நடந்திருந்தால் போயிருப்பது மக்களின் சேமிப்பு. மெடாலாவில் போனது மதிப்பில்லாத சோதனை ஈதர். "என்ன தப்பியது" என்ற உங்கள் கேள்விக்கு இதுவே போதும் என்பேன்.

அடுத்து, தொடக்கத்தை எப்படி முடிவு செய்தார்கள் என்று பாருங்கள். வேலிடேட்டர்கள் ஈதரைப் போட்டுவைக்கும் டெபாசிட் கான்ட்ராக்ட்டை (கான்ட்ராக்ட் என்றால் செயினிலேயே ஓடும் நிரல்) 2020 நவம்பர் 4 அன்று வெளியிட்டார்கள். டிசம்பர் 1-க்கு முன்னால் பீக்கன் செயின் தொடங்காது. 16,384 வேலிடேட்டர்கள், அதாவது தலைக்கு 32 வீதம் 5,24,288 ஈதர் வந்து சேராமலும் தொடங்காது. அந்த அளவு எட்டியபின் ஏழு நாள் அவகாசம். நவம்பர் 24 அன்று எட்டிவிட்டது. டிசம்பர் 1, நம் நேரப்படி மாலை 5:30 மணி 23 விநாடிக்கு முதல் ஸ்லாட். அந்த 23 விநாடி எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். சரியாக ஒரு வாரம் முன்பு, அந்த மணிக்குப் பிறகு பழைய எத்தீரியம் செயினில் வந்த முதல் பிளாக்கின் நேர முத்திரையோடு ஏழு நாளைக் கூட்டியதால் வந்தது. தொடங்கும்போது 21,063 வேலிடேட்டர்கள் இருந்தார்கள்.

தேதி மட்டும் குறித்திருந்தால், ஆள் சேராவிட்டாலும் தொடங்கியாக வேண்டும். நிபந்தனையும் சேர்ந்து இருந்ததால் யாரும் யாரையும் நெருக்கவில்லை. உங்கள் திட்டத்தில் தேதி இருக்கிறது, நிபந்தனை இருக்கிறதா? ஏழு பேரின் நோட்களும் தொடர்ந்து இத்தனை நாள் ஒத்திசைந்து ஓடியிருக்க வேண்டும், ஒவ்வொருவரும் ஒரு முறையாவது நோட்டை நிறுத்தி பேக்கப்பிலிருந்து எழுப்பிக் காட்டியிருக்க வேண்டும் என்ற மாதிரி ஏதாவது எழுதி வையுங்கள்.

இனி வரிசை. அந்த முதல் கட்டத்தில் பீக்கன் செயினில் எதுவுமே செய்ய முடியாது. ஈதர் அனுப்ப முடியாது, கான்ட்ராக்ட் கிடையாது, போட்ட 32 ஈதரை எடுக்கவும் முடியாது. வேலிடேட்டர்கள் பிளாக் போடுவார்கள், வாக்களிப்பார்கள், அவ்வளவுதான். உலகத்தின் பணம் முழுக்கப் பழைய மைனிங் செயினிலேயே (மைனர்கள் என்ற கணினிகள் போட்டிபோட்டுக் கணக்கிட்டுப் பிளாக் சேர்ப்பது) ஓடிக்கொண்டிருந்தது. பீக்கன் செயின் அன்று நின்றுபோயிருந்தாலும் அதனால் பாதிக்கப்படுவது தெரிந்தே பணம் போட்ட எங்களை மாதிரி ஆட்கள் மட்டும்தான்.

தண்டனையையும் கட்டம் கட்டமாக ஏற்றினார்கள். எல்லாவற்றிலும் நான் அதிகம் மதிப்பது இதைத்தான், ஏனோ யாரும் பேசுவதில்லை. தொடக்கத்தில் ஒரு வேலிடேட்டர் ஸ்லாஷ் ஆனால் உடனடி வெட்டு இருப்பில் 128-இல் ஒரு பங்கு, 32 ஈதருக்கு 0.25 ஈதர். 2021 அக்டோபர் 27 அன்று ஆல்டேர் அப்கிரேடில் அதை 64-இல் ஒரு பங்காக்கினார்கள். 2022 செப்டம்பரில் பெல்லாட்ரிக்ஸில் 32-இல் ஒரு பங்கு, அதாவது முழு ஒரு ஈதர். பலர் ஒரே சமயத்தில் தவறினால் விழும் கூடுதல் தண்டனையின் பெருக்கலும் அதே போல 1, 2, 3 என்று ஏறியது. தவறு செய்யாமல் ஓட்டுவது எப்படி என்று எல்லோரும் பழகுகிற காலத்தில் கத்தியை முழுக்கத் தீட்டி வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு நெறிமுறையை எழுதும்போது எதிர்முனையில் மனிதர்கள் இருப்பதை ஞாபகம் வைத்திருந்தார்கள்.

பழைய செயினைப் பீக்கன் செயினோடு இணைத்த மெர்ஜுக்கு முன் நடந்த ஒத்திகைகளைச் சொல்ல ஆரம்பித்தால் விடியும். ராப்ஸ்டன் ஜூன் 8, செப்போலியா ஜூலை 6, கோர்லி ஆகஸ்டில் என்று 2022-இல் மூன்று டெஸ்ட்நெட்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். நடுவே மெயின்நெட்டின் நகலைப் பிரித்து அதிலும் ஓட்டிப் பார்த்தார்கள். செப்டம்பர் 15, நம் நேரம் மதியம் 12:12-க்கு 15537393-ஆம் பிளாக் மைனர்களின் கடைசிப் பிளாக், அடுத்தது வேலிடேட்டர்களுடையது. பரிவர்த்தனை செய்துகொண்டிருந்த சாதாரணப் பயனருக்கு மாறியதே தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கியது, அது வேறு விஷயம்.

---

கடலோடி எழுதியது:

வைகை அக்கா சொன்னதோடு போல்காடாட் என்ற பிளாக்செயினையும் பாருங்கள் நளினி. உங்கள் நிலைமைக்கு அதுதான் இன்னும் பக்கம்.

2020 மே 26 அன்று அது தொடங்கியபோது வேலிடேட்டர்கள் எல்லாமே அதன் பின்னால் இருந்த வெப்3 ஃபவுண்டேஷனுடையவை. வெளியாட்கள் தங்கள் விருப்பத்தைப் பதிந்துவைத்துக் காத்திருந்தார்கள். போதுமான ஆட்கள் வந்தபின் ஜூன் 18 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட வேலிடேட்டர்களிடம் பிளாக் போடும் வேலை மாறியது. அப்புறம் ஆளுகை முறையைத் திறந்தார்கள். அதுவரை 'சூடோ' என்று ஒரு சர்வ அதிகாரச் சாவி ஃபவுண்டேஷன் கையில் இருந்தது, அதை ஜூலை 20 அன்று நீக்கினார்கள். டோக்கனை ஒருவருக்கொருவர் அனுப்பும் வசதி ஆகஸ்ட் 18 அன்றுதான் திறந்தது.

காஸ்மாஸ் ஹப் என்ற செயினும் அப்படித்தான். 2019 மார்ச் 13 அன்று தொடங்கியது, வேலிடேட்டர்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் டோக்கன் பரிமாற்றம் பூட்டியே இருந்தது. வாக்கெடுப்பு நடத்தி, ஏப்ரல் 22 அன்று செயினை மறுதொடக்கம் செய்து திறந்தார்கள்.

இரண்டிலும் பணம் நகர்வது கடைசி. உங்கள் ரசீது மாற்றத்தையும் அந்த இடத்தில் வையுங்கள். முதல் சில வாரம் ரசீதைப் பதிவு மட்டும் செய்யட்டும், உரிமை மாற்றம் காகிதத்திலேயே நடக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தினமும் சரிபாருங்கள்.

இன்னொன்று, அந்த அவசரச் சாவி. உங்கள் கான்ட்ராக்ட்டில் நிர்வாகி சாவி நிச்சயம் இருக்கும். அது யாரிடம் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் நீங்கும் என்று ஏழு பேருக்கும் இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

---

திண்ணைமேடை எழுதியது:

மூன்று பேரும் கட்டத்தைப் புகழ்கிறீர்கள். மறுபக்கத்தையும் நளினி தெரிந்துகொள்ளட்டும்.

எத்தீரியத்தில் பணத்தைத் திரும்ப எடுக்கும் வழி 2023 ஏப்ரல் 12 ஷபெல்லா அப்கிரேடில்தான் வந்தது. 2020 நவம்பரில் போட்டவர் இரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார். வேலிடேட்டர் வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம், ஆனால் ஈதர் கைக்கு வராது. வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வந்தால் என்ன செய்வது? அதனால்தான் போட்ட ஈதருக்குப் பதிலாக விற்கக்கூடிய டோக்கன் தருகிற ஸ்டேக்கிங் சேவைகள் அவ்வளவு வளர்ந்தன. அவற்றில் லைடோ ஒன்றின் கையிலேயே மொத்த ஸ்டேக்கில், அதாவது எல்லோரும் போட்டுவைத்த ஈதரில், முப்பது சதவீதம் வாக்கில் சேர்ந்தது. 2022 ஜூனில் சந்தை விழுந்தபோது அந்த டோக்கன் ஈதரைவிட ஐந்தாறு சதவீதம் குறைவாக விற்றது. அவசரத்துக்கு விற்றவர்கள் நட்டப்பட்டார்கள். பரவலாக்கத்துக்காகக் கட்டம் பிரித்தார்கள், வெளியேறும் கதவைக் கடைசிக் கட்டத்தில் வைத்ததால் ஓரிடத்தில் குவிந்தது.

அதோடு, ஆரம்பத்தில் சொன்ன கட்டங்களும் அப்படியே வரவில்லை. முதல் கட்டத்தில் 64 ஷார்டு (செயினைப் பிரித்த துண்டுகள்), இரண்டாம் கட்டத்தில் ஷார்டுகளில் கான்ட்ராக்ட் என்று இருந்தது. ரோல்அப்களை (பரிவர்த்தனைகளை வெளியே நடத்தித் தொகுப்பாக எத்தீரியத்தில் பதியும் செயின்களை) நம்பலாம் என்று முடிவானதும் அந்தத் திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். 2024 மார்ச் 13 டென்குன் அப்கிரேடில் ரோல்அப்களுக்கான பிளாப் (அவை தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) வந்தது, ஷார்டு வரவேயில்லை.

---

வைகைச்சாரல் எழுதியது:

திண்ணை அண்ணா சொல்வதில் முதல் பாதி முழுக்க உண்மை. கதவைப் பற்றி எனக்கும் அப்போது வருத்தம் இருந்தது. மெர்ஜோடு சேர்த்து அதையும் செய்தால் சிக்கல் கூடும் என்று தள்ளிவைத்தார்கள், பொறியியலாக அது சரி. ஆனால் உள்ளே வருபவருக்கு வெளியேறும் நாள் தெரியாமல் இருந்தது சரியில்லை.

ஆகவே நளினி, ஏழு நிறுவனங்களில் ஒன்று விலக நினைத்தால் அதன் ரசீதுகள் என்னவாகும் என்பதை முதல் கட்டத்திலேயே செய்து காட்டுங்கள். ஒரு நிறுவனத்தைச் சோதனையாக வெளியேற்றி, அவர்கள் பதிவுகள் முழுதாகக் கையில் வந்தனவா என்று பாருங்கள்.

இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டம் பிரித்ததால்தான் மாற்ற முடிந்தது. ஷார்டு முழுவதையும் எழுதி முடித்துவிட்டுத் தொடங்கியிருந்தால், அது தேவையில்லை என்று தெரிந்தபின் என்ன செய்திருப்பார்கள்? மாற்றிக்கொள்ள இடம் விட்டதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஒன்று சொல்வேன்: வரப்போகும் கட்டங்களுக்கு எண் போட்டு விளம்பரப்படுத்தாதீர்கள். கையில் இருக்கும் கட்டத்தையும் அடுத்ததையும் மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

---

நளினி_ஆப்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெடாலா கதையை எங்கள் குழுவில் படித்துக் காட்டினேன். நேர சர்வர் என்றதும் இருவர் உடனே எங்கள் நோட்களில் எது அமைத்திருக்கிறது என்று பார்க்கப் போனார்கள்.

மேலாளர் இப்போது இறங்கி வந்திருக்கிறார். நான்கு வேலிடேட்டரோடு தொடங்கி, மாதம் ஒன்றாக ஐந்து, ஆறு, ஏழு என்று சேர்க்கலாம் என்கிறார். இது சரியா? இன்னொரு கேள்வி: எங்கள் டெஸ்ட்நெட்டும் மெயின்நெட்டும் ஒரே ஜெனிசிஸ் கோப்பை (செயினின் தொடக்க அமைப்புகள் உள்ள கோப்பை) வைத்துக்கொள்ளலாமா, தனித்தனியாகவா?

---

வைகைச்சாரல் எழுதியது:

நான்கில் தொடங்குவது சரி. ஆனால் ஐந்திலும் ஆறிலும் ஒரு மாதம் தங்காதீர்கள் அக்கா. கணக்கைப் பாருங்கள். க்யூ.பி.எஃப்.டி.யில் பிளாக் போட மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்திட வேண்டும். நான்கு பேர் என்றால் மூன்று. ஐந்து பேர் என்றால் நான்கு. ஆறு பேருக்கும் நான்கு. ஏழு பேருக்கு ஐந்து. ஏமாற்றும் நோட்டைத் தாங்கும் திறன் நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஆறிலும் ஒன்றுதான். ஏழுக்குப் போனால்தான் இரண்டாகும். நடுவில் நிற்பதால் அந்தப் பாதுகாப்பு கூடவில்லை, பராமரிக்க வேண்டிய நோட் மட்டும் கூடுகிறது. நான்கில் போதிய காலம் ஓட்டிவிட்டு, ஒரே வாரத்தில் ஒவ்வொன்றாக மூன்றையும் சேர்த்து ஏழுக்குப் போய்விடுங்கள்.

ஒவ்வொன்றாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புது வேலிடேட்டரைச் சேர்க்க இருப்பவர்களில் பாதிக்கு மேல் வாக்களித்தால் போதும், அது ஓடுகிறதா இல்லையா என்று நெட்வொர்க் கேட்காது. ஐந்தாவதைச் சேர்த்தீர்கள், அந்த நிறுவனத்தின் ஃபயர்வாலில் போர்ட் திறக்கவில்லை என்று வையுங்கள். இப்போது நான்கு கையெழுத்து வேண்டும், இருப்பதும் நான்கு. அந்த நான்கில் ஒன்று மறுதொடக்கம் ஆனால் செயின் நின்றுவிடும். அதனால் முதலில் சாதாரண நோட்டாகச் சேர்த்து, பிளாக்குகள் முழுக்க ஒத்திசைந்தபின், மற்ற எல்லா வேலிடேட்டருடனும் அதற்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு வாக்கெடுங்கள்.

ஜெனிசிஸ் கோப்பு பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, அதற்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று ஹோல்ஸ்கி டெஸ்ட்நெட்டில் பெக்ட்ரா அப்கிரேடை ஓட்டினார்கள். கிளையன்ட்களில் கெத், நெதர்மைண்ட், நீங்கள் ஓட்டும் பெசு, மூன்றிலும் ஹோல்ஸ்கிக்கான டெபாசிட் கான்ட்ராக்ட் முகவரி சரியாக அமைக்கப்படவில்லை. எரிகானும் ரெத்தும் சரியாக வைத்திருந்தன. பெரும்பான்மை வேலிடேட்டர்கள் தவறான பிளாக்கை ஏற்று வாக்களித்துவிட்டார்கள், செயின் இரண்டாகப் பிரிந்தது, மார்ச் 10 வரை ஃபைனாலிட்டி வரவில்லை. ஹூடி என்ற புது டெஸ்ட்நெட்டை மார்ச் 17 அன்று தொடங்கி, அதில் ஓட்டிப் பார்த்து, மே 7 அன்றுதான் மெயின்நெட்டுக்குப் போனார்கள். நிரலில் இல்லை பிழை, அந்த நெட்வொர்க்குக்கு உரிய அமைப்பு மதிப்பில்.

செயின் ஐ.டி. (செயினின் அடையாள எண்) இரண்டுக்கும் கட்டாயம் வேறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட்நெட்டில் கையெழுத்திட்ட பரிவர்த்தனையை மெயின்நெட்டில் எடுத்துப் போட முடியும். ஆகக் கோப்பு இரண்டு. ஆனால் அவற்றைக் கையால் தனித்தனியே எழுதாதீர்கள். ஒரே வார்ப்பிலிருந்து இரண்டையும் உருவாக்கி, மாறவேண்டிய வரிகளை மட்டும் ஒரு பட்டியலாக வைத்து, இரண்டு பேர் அதை வரிக்கு வரி பார்க்கட்டும். செயின் ஐ.டி., கான்ட்ராக்ட் முகவரிகள், தொடக்க வேலிடேட்டர்களின் முகவரிகள், மாற்றங்கள் அமலாகும் பிளாக் எண்கள். என் அனுபவத்தில் இந்த நான்கில்தான் தவறு வரும்.

ஏழு நோட்டிலும் ஜெனிசிஸ் கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்ணை) எடுத்து ஒரு குழு அழைப்பில் எல்லோரும் சத்தமாகப் படிக்கட்டும். அதே அழைப்பில் நேரத்தையும் பாருங்கள். கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி மென்பொருள் எந்த சர்வரைக் கேட்கிறது, எவ்வளவு விலகல் காட்டுகிறது என்று ஒவ்வொருவரும் திரையைப் பகிரட்டும். முடிந்ததும் நான்கு பேருடைய நோட்டை ஏற்றலாம்.